ஏடுகளில் வளர்ந்த சீக்கியர் வரலாறு

சீக்கியர்களுக்கு நூல்தான் குரு. ஐந்தாம் குரு அர்ஜன் தொகுத்துச் சொல்ல, பாய் குர்தாஸ் எழுத, 1604-ல் அமிர்தசரஸில் உருவானது ஆதி கிரந்தம். பின்னர் ஒன்பதாம் குரு தேக் பகதூரின் பாடல்களும் அதில் சேர்ந்தன. 1708-ல் நாந்தேடில் குரு கோவிந்த் சிங் தமக்குப் பின் அந்நூலே குரு என்று அறிவித்தார். கபீர், நாமதேவர், ரவிதாஸ், சூஃபி ஞானி ஃபரீத் ஆகியோரின் பாடல்களும் ராகவாரியாக இதில் இடம்பெற்றுள்ளன. பழைய படிகளில் சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது. நம் ஓலைச்சுவடிகளைப் போலவே எழுத்துகள் ஒட்டிக்கொண்டு ஓடும்.

ஆனால் 1,430 பக்கம் புரட்டினாலும் குரு நானக்கின் (1469–1539) வாழ்க்கைக் கதை கிடைக்காது. அந்தக் குறையை நிரப்பியவை ஜனம்சாக்கிகள். ரபாப் வாசிக்கும் மர்தானாவுடன் நானக் ஊர் ஊராகப் போகும் கதைகள் இவை. சங்கல்தீப் என்ற நாட்டில் சிவநாப் என்ற அரசனைச் சந்தித்ததும் அவற்றில் ஒன்று. அந்த நாடு இலங்கைதான் என்பது மரபு. வரலாற்றாசிரியர்கள் இதை உறுதியாக ஏற்பதில்லை. அதற்காகக் கதையின் மதிப்பு குறைந்துவிடவுமில்லை.

ஜனம்சாக்கி ஏடுகளில் ஒன்று கடல் கடந்தது. கோல்புரூக் என்ற ஆங்கிலேயர் கொடுத்த படி, லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் நூலகத்தில் கிடந்தது. 1883-ல் அமிர்தசரஸ் சீக்கியர்கள் பஞ்சாபின் துணைநிலை ஆளுநரிடம் மனுக் கொடுத்து அதைப் பஞ்சாபுக்கு வரவழைத்தார்கள். 1885-ல் அது படியெடுத்துப் பரப்பப்பட்டது. தங்கள் குருவின் கதையைப் படிக்கவே மனுப் போட வேண்டியிருந்த காலம் அது.

பிறர் எழுதியதற்குப் பதிலாகவே சீக்கியர் பலமுறை பேனா எடுத்திருக்கிறார்கள். லூதியானாவில் இருந்த ஆங்கிலேய அதிகாரி கேப்டன் மர்ரே, சீக்கியர் வரலாற்றை எழுதித் தருமாறு மௌல்வி பூட்டே ஷாவிடம் சொன்னார். அதில் தம் மக்களின் பக்கம் விடுபட்டுப் போகும் என்று அஞ்சிய ரத்தன் சிங் பங்கூ, தாமே சொல்ல முன்வந்தார். 1841-ல் முடிந்த அவருடைய ‘பந்த் பிரகாஷ்’ செய்யுளால் ஆனது. பாதி கேள்விச் செய்தி, பாதி குடும்ப நினைவு. அந்த நினைவுகளில் ஒன்று: 1740-ல் பொற்கோயிலுக்குள் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த முகலாய அதிகாரி மஸ்ஸா ரங்கரைக் கொல்ல இருவர் போகிறார்கள். வரி கட்ட வந்த குடியானவர்கள் போல வேடம். பைகளில் பணத்துக்குப் பதில் ஓட்டாஞ்சில்லு. அந்த இருவரில் ஒருவரான மெஹ்தாப் சிங், பங்கூவின் பாட்டனார். சாட்சியின் பேரன் எழுதிய வரலாறு என்பதால் ஒருதலைச் சார்பும் உண்டு, உயிர்த்துடிப்பும் உண்டு.

வெள்ளையர்கள் எழுதியவற்றுக்கும் தனிக் கதைகள் உண்டு. சீக்கியருடனான போரில் ஆங்கிலேயர் நடந்துகொண்ட விதத்தை 1849-ல் வெளிப்படையாக எழுதிய ஆங்கிலேய அதிகாரி கன்னிங்ஹாம், அரசியல் பதவியை இழந்தார். 1877-ல் கிரந்தத்தின் ஒரு பகுதியை மொழிபெயர்த்த ஜெர்மானியர் டிரம்ப், முன்னுரையிலேயே நூலைத் தாழ்த்திப் பேசிச் சீக்கியர் மனத்தைப் புண்படுத்தினார். அதற்கு மாற்றாக, நீதிபதி வேலையை உதறிவிட்டு, கியானிகள் எனப்படும் சீக்கிய அறிஞர்களை அருகில் வைத்துக்கொண்டு மக்காலிஃப் எழுதிய ஆறு தொகுதிகள் 1909-ல் வெளிவந்தன. அவருக்குத் துணைநின்ற கான் சிங் நாபா, 1930-ல் ‘மகான் கோஷ்’ என்னும் கலைக்களஞ்சியத்தைத் தந்தார்.

பாய் வீர் சிங்கோ வரலாற்றை நாவலாக்கினார். 1898-ல் வெளிவந்த ‘சுந்தரி’, பஞ்சாபியின் முதல் நாவல் எனப்படுகிறது. 18-ஆம் நூற்றாண்டில் கடத்தப்பட்டு, மீண்டு, கால்சா எனப்படும் சீக்கியர் படையோடு காட்டில் வாழும் பெண் அதன் நாயகி. பங்கூவின் நூலை 1914-ல் அச்சேற்றியவரும் வீர் சிங்தான்.

1984 ஜூனில், பொற்கோயில் மீதான ராணுவ நடவடிக்கையின்போது, வளாகத்திலிருந்த சீக்கிய ஆய்வு நூலகம் எரிந்தது. ஏடுகள் எல்லாம் எரியவில்லை, பல எடுத்துச் செல்லப்பட்டன என்று சொல்லி, கோயிலை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி அவற்றைத் திரும்பக் கேட்டு வருகிறது.