ரசிகன் கைவைத்த கதை

சென்ற கோடை விடுமுறையில் என் பேத்தி எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து டெலிவிஷனில் வீடியோ விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தாள். நான் சாய்வு நாற்காலியில் படுத்துப் பத்திரிகை படிப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டிருந்தேன். திரையில் தொப்பி போட்ட ஒரு சிறுவன் கையில் பேஸ்பால் மட்டையுடன் ஒரு டாக்ஸியோடு சண்டை போட்டான். டாக்ஸி டிரைவரோடு அல்ல, டாக்ஸியோடேதான். சென்னையில் வசித்த அனுபவம் உள்ள பையன் போலும் என்று நினைத்துக்கொண்டேன். நடுவே அவன் அடிப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா நின்றான்.

"ஏன் நிற்கிறான்?" என்று கேட்டேன்.

"அவனுக்கு வீட்டு ஞாபகம் வந்திருச்சு தாத்தா. அம்மா செய்யற தோசையை நினைச்சுக்கிட்டு நிக்கிறான். அப்புறமாப் போய் அம்மாவுக்கு ஒரு போன் பண்ணணும். அப்பத்தான் சரியாவான்."

ஜப்பானியர் செய்த விளையாட்டில் தோசை எப்படி நுழைந்தது? ஆரம்பத்திலேயே, "உனக்கு ரொம்பப் பிடித்த சாப்பாடு எது?" என்று அது கேட்குமாம். இவள் 'தோசை' என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதிலிருந்து கதாநாயகனின் தாயார், அவன் வீடு திரும்பும்போதெல்லாம் தோசைதான் வார்த்துப் போடுகிறாள்.

நான் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டேன். ஐம்பது வருஷமாகக் கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். என் கதாநாயகர்கள் காதலுக்காக ஏங்கியிருக்கிறார்கள், தேசத்துக்காக ஏங்கியிருக்கிறார்கள். அம்மா கைச் சாப்பாட்டுக்கு ஏங்கி, வந்த எதிரியை அடிக்க மறந்து நின்ற ஒருவனை எழுத எனக்குத் தோன்றியதில்லை. இதை எழுதியவர் யார் என்று விசாரித்தேன். அந்த விசாரணை என்னை எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போய், கடைசியில் எங்கள் வீட்டுப் பரணில் கொண்டுபோய் விட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எழுதியவர் ஷிகெஸாடோ இடோய். 1948-ல் பிறந்தவர். விளம்பர வாசகம் எழுதுவது தொழில். பெரிய ஜவுளிக்கடைகளுக்கும் சினிமாப் படங்களுக்கும் இரண்டே வரியில் மனத்தைத் தொடும்படி எழுதி ஜப்பான் முழுதும் பேர் வாங்கியவர். அவர் நிண்டெண்டோ கம்பெனிக்காக 1989-ல் எழுதிய விளையாட்டுக்குப் பெயரே 'மதர்'. அம்மா! அந்தக் காலத்து விளையாட்டுகளில் கத்தியும் கேடயமும் பறக்கும் நாகமும் இருக்கும். இவர் விளையாட்டில் பள்ளிக்கூடத்துப் பையன், மருந்துக் கடை, டெலிபோன் எல்லாம் இருந்தன. அப்பா மட்டும் நேரில் வரவே மாட்டார், டெலிபோனில்தான் பேசுவார். (1988-ல் வந்த 'டோடோரோ' என்ற பிரசித்தமான சித்திரப் படத்தில் ஓர் அப்பாவுக்குக் குரல் கொடுத்தவரும் இதே இடோய்தான். குரலாக மட்டுமே வரும் அப்பாக்களிடம் மனிதருக்கு என்ன பிரியமோ!)

என் பேத்தி ஆடியது அதன் இரண்டாவது பாகம். 1994-ல் ஜப்பானில் வந்தது. ஐந்து வருஷம் இழுத்து, நின்றுவிடும் நிலைக்கு வந்துவிட்டதாம். அப்போது சடோரு இவாடா என்ற நிபுணர் வந்து பார்த்தார். இருப்பதையே ஒட்டுப்போட்டுச் சரிசெய்வதானால் இரண்டு வருஷம் ஆகும், முதலிலிருந்து புதிதாகச் செய்வதானால் ஆறு மாதம் போதும், எது வேண்டும் என்று கேட்டார். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த இவாடாதான் 2002-ல் நிண்டெண்டோவின் தலைவரானார். தொடர்கதையைப் பாதியில் சிக்கவைத்துக்கொண்டு விழித்த நாட்களில் எனக்கு இப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

இந்த விளையாட்டு 1995-ல் 'எர்த்பவுண்ட்' என்ற பெயரில் அமெரிக்கா போயிற்று. அங்கே அதற்கு நடந்த விளம்பரத்தைப் படித்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இந்த விளையாட்டு நாறுகிறது என்று அவர்களே பத்திரிகையில் போட்டு, சுரண்டினால் துர்நாற்றம் வரும் அட்டையையும் ஒட்டி அனுப்பினார்கள். நாற்றம் நன்றாகவே வந்தது. வியாபாரந்தான் வரவில்லை. முதல் பாகத்துக்கு நேர்ந்த கதி இதைவிட மோசம். 1990-லேயே இங்கிலீஷில் முழுதும் தயாரான பிரதியை வெளியிடாமலே அலமாரியில் போட்டுவிட்டார்கள்.

ஆனால் வாங்கிய கொஞ்சம் பேர் இருக்கிறார்களே, அவர்கள் சாமானியர்கள் அல்ல. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். அந்த விளையாட்டின் முடிவு அவர்களை என்னவோ செய்துவிட்டது. கடைசி எதிரியை எந்த ஆயுதத்தாலும் வெல்ல முடியாது. கூட வரும் பெண் பிரார்த்தனை செய்கிறாள். வழியில் சந்தித்தவர்கள் ஒவ்வொருவரும் அந்தக் குரலைக் கேட்டுத் தாங்களும் வேண்டிக்கொள்கிறார்கள். அதுவும் போதவில்லை. கடைசியில், விளையாடிக்கொண்டிருக்கிற உங்கள் பெயரையே சொல்லி, நீங்களும் வேண்டிக்கொள்வதாகத் திரையில் வருகிறது. நடுவே எங்கோ யாரோ டெலிபோனில் உங்கள் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டதை நீங்கள் மறந்தே போயிருப்பீர்கள். வாசகனின் தோளைத் தொட்டு, "நீயும் வா" என்று கதைக்குள் இழுக்கிற இந்த வித்தையைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, 1999-ல் இணையத்தில் ஒரு கூட்டமாகச் சேர்ந்தார்கள். மூன்றாம் பாகத்தை எங்களுக்கும் தாருங்கள் என்று கம்பெனிக்கு மனுமேல் மனுப் போட்டார்கள். அலமாரியில் தூங்கிய அந்த இங்கிலீஷ்ப் பிரதி ஒன்று எப்படியோ 1998-ல் வெளியே வந்து ரசிகர் கைக்குக் கிடைத்திருந்தது. கம்பெனி அதை அதிகாரபூர்வமாக வெளியிட்டது 2015-ல்தான். இருபத்தைந்து வருஷம் கழித்து! 'மதர் 3' 2006 ஏப்ரலில் ஜப்பானில் வந்தது. அமெரிக்காவுக்கு வரவில்லை.

இங்கேதான் எனக்கு உற்சாகமான கட்டம். கிளைட் மாண்டலின் என்பவர் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர், ஜப்பானியச் சித்திரப் படங்களை இங்கிலீஷாக்கிச் சம்பளம் வாங்குகிறவர். அவரும் சில தோழர்களும் சம்பளமில்லாமல் இரண்டு வருஷம் உட்கார்ந்து அந்த விளையாட்டு முழுவதையும் மொழிபெயர்த்தார்கள். வசனத்தை மாற்றுவது பாதி வேலைதான். ஜப்பானிய எழுத்துக்கள் எல்லாம் ஒரே அகலத்தில் கட்டம் கட்டமாக நிற்கும். இங்கிலீஷிலோ ஓர் எழுத்து குச்சியாக இருக்கும், இன்னோர் எழுத்து தொந்தியோடு இருக்கும். அவற்றைச் சீராக நிறுத்த யந்திரத்தின் வயிற்றுக்குள்ளேயே புகுந்து வேலை செய்ய வேண்டியிருந்தது. 2008 அக்டோபரில் முடித்தார்கள். முதல் வாரத்திலேயே லட்சம் பேர் எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு சூட்சுமத்தைக் கவனியுங்கள். அவர்கள் விளையாட்டைக் கொடுக்கவில்லை. எந்தெந்த இடத்தில் எதை எடுத்துவிட்டு எதைப் போடுவது என்ற பட்டியலை மட்டுமே கொடுத்தார்கள். நம் ஊர்ப் புத்தகங்களில் கடைசிப் பக்கத்தில் பிழைதிருத்தம் என்று ஒன்று இருக்குமே, அது மாதிரி. இங்கே பிழைதிருத்தம் புத்தகத்தைவிடப் பெரிது, அவ்வளவுதான். காசு வாங்கவில்லை. 2013-ல் மாண்டலின், தங்கள் மொழிபெயர்ப்பை இனாமாகவே எடுத்துக்கொள்ளும்படி கம்பெனிக்குச் சொல்லிப் பார்த்தார். கம்பெனி அவர்களைத் தடுக்கவும் இல்லை, ஏற்றுக்கொள்ளவும் இல்லை. 2024 பிப்ரவரியில் அதே விளையாட்டை ஜப்பானில் மறுபடி வெளியிட்டபோதும் ஜப்பானிய மொழியில்தான் வெளியிட்டது.

இதெல்லாம் பிறர் சொத்தில் கைவைப்பது ஆகாதா? ஆகும். எழுத்துரிமையில் சாப்பிடுகிற எனக்கு அது தெரியாதா? என் நாவல் ஒன்றை என்னைக் கேட்காமல் அச்சடித்து விற்ற ஆசாமியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் எடுத்து விற்கிறவனும், எடுத்து மெருகேற்றி எல்லாருக்கும் இனாமாகக் கொடுக்கிறவனும் ஒரே ஜாதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்தக் கைவைக்கும் வழக்கம் நேற்று முளைத்ததும் அல்ல. அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர்கள் சிலர் விடுதியில் காசு போட்டு ஆடும் யந்திரங்களை வைத்து நடத்தினார்கள். ஆடுகிறவர்களுக்கு அலுத்துவிட்டது. உடனே இவர்கள் யந்திரத்துக்குள் ஒரு பலகையைச் சேர்த்து விளையாட்டைக் கடுமையாக்கி, அந்தப் பலகையை வெளியிலும் விற்றார்கள். 1981-ல் அடாரி கம்பெனி ஒன்றரைக் கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. முடிவு என்ன ஆயிற்று தெரியுமா? வழக்கை விட்டுவிட்டு, எங்களுக்கே விளையாட்டுச் செய்து கொடுங்கள் என்று அந்தப் பையன்களுக்கு அடாரி சம்பளம் கொடுத்தது! அதே பையன்கள் பாக்மானுக்குக் கால் முளைக்கவைத்து 'கிரேஸி ஒட்டோ' என்று ஒன்றைப் பண்ணியிருந்தார்கள். மிட்வே கம்பெனி அதை வாங்கி, கொஞ்சம் மாற்றி, 1982-ல் 'மிஸ் பாக்மான்' என்று வெளியிட்டது. லட்சம் யந்திரங்களுக்கு மேல் விற்றது.

எல்லாருக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. அர்ஜென்டினாக்காரர் ஒருவர் 'மெட்ராய்டு' இரண்டாம் பாகத்தைச் சுமார் பத்து வருஷம் உழைத்துப் புதிதாகச் செய்து, 2016 ஆகஸ்டில் இனாமாக வெளியிட்டார். உடனே நிண்டெண்டோவின் வக்கீல் நோட்டீஸ் வந்தது. மறு வருஷம் கம்பெனியே அதே பாகத்தைப் புதுப்பித்து வெளியிட்டது. அவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதே 2017-ல் ஸேகா கம்பெனி, ரசிகராக இருந்து கைவைத்த கிறிஸ்டியன் வைட்ஹெட்டைக் கூப்பிட்டு, 'சோனிக் மேனியா'வைச் செய்யச் சொல்லி நல்ல பேர் வாங்கிக்கொண்டது. எனக்கு இதுதான் பிடிக்கிறது.

ரசிகர்கள் செய்வதெல்லாம் பிரமாதம் என்று நான் சொல்ல வரவில்லை. பேத்தி எனக்குக் காட்டியவற்றில் பெரும்பாலானவை சகிக்கவில்லை. டோபி ஃபாக்ஸ் என்ற அமெரிக்கப் பையன் தன் பதினேழாவது வயதில், 2008-ல், எர்த்பவுண்டைக் குடைந்து ஒரு பயங்கர விளையாட்டாக மாற்றினான். அதைப் பற்றி அவனே பிற்பாடு பெருமை பேசிக்கொண்டதில்லை. ஆனால் அதற்குள் ஒரு பாட்டு இருந்தது. அதே பாட்டு 2015-ல் அவர் (இனி 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டும்) சொந்தமாகச் செய்த 'அண்டர்டேல்' என்ற விளையாட்டில் மறுபடி வந்து உலகத்தையே முணுமுணுக்க வைத்தது. ஐயாயிரம் டாலர் வேண்டுமென்று பொதுமக்களிடம் கேட்டு, ஐம்பதாயிரத்துக்கு மேல் பெற்று, படம் வரைய ஒரு தோழியின் துணையோடு பெரும்பாலும் தனியாகவே செய்து முடித்தார். 2016-ல் ஒருவர் இதன் பிரதியைப் போப் பிரான்சிஸுக்கே பரிசாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். போப்பாண்டவர் ஆடிப் பார்த்தாரா என்பது வேறு விஷயம்.

அண்டர்டேலிலும் ஒரு தாய் போன்றவள் உண்டு. அவளும் டெலிபோனில் கூப்பிடுகிறாள், எந்தத் தின்பண்டம் பிடிக்கும் என்று கேட்கிறாள். ஆனால் டோபி ஃபாக்ஸ் அதோடு நிற்கவில்லை. இடோயின் விளையாட்டில் தோற்ற எதிரிகள் பலர் சாகமாட்டார்கள், 'சாதுவாகிவிட்டது' என்றோ 'பழைய நிலைக்குத் திரும்பியது' என்றோ ஒரு வரி வரும். லட்சம் பேர் அந்த வரியைப் படித்துவிட்டு அடுத்த எதிரியை அடிக்கப் போனார்கள். இந்தப் பையன் அந்த ஒரு வரியிலே நின்றுவிட்டான். சாகவேண்டாமென்றால் அடிப்பானேன் என்று கேட்டுக்கொண்டான். அண்டர்டேலில் ஒருவரையும் கொல்லாமலே, பேசியும் விட்டுக்கொடுத்தும் கடைசிவரை போகலாம். கொன்றுவிட்டு, மனசு கேட்காமல் முதலிலிருந்து மறுபடி தொடங்கினால், நீங்கள் முன்பு செய்தது அதற்கு ஞாபகம் இருக்கிறது! மூலத்தை எழுதியவர் ஓரத்தில் போட்டுவிட்டுப் போனதை எடுத்து மரமாக்க, அதை நூறு தடவை ஆடிய ஒரு ரசிகன் வேண்டியிருந்தது.

இதைப் பேத்தி சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் பரண் ஞாபகம் வந்தது.

முப்பது வருஷத்துக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் என் தொடர்கதை ஒன்று முடிந்தது. கதாநாயகியை ரயிலேற்றி அனுப்பிவிட்டு முற்றும் போட்டிருந்தேன். பதினைந்து நாளில் தெற்கேயிருந்து ஒரு பார்சல் வந்தது. ஒரு வாசகி, கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டில், ரயில் போய்ச் சேர்ந்த பிறகு நடந்ததை எட்டு அத்தியாயமாக எழுதியிருந்தாள். பிழைகள் நிறைய. மூன்று பக்கம் படித்தேன். என் பாத்திரங்களை ஒருத்தி தொட்டுவிட்டாள் என்ற ஆத்திரத்தில், 'கதை முடிந்துவிட்டது. தாங்கள் சிரமப்பட வேண்டியதில்லை' என்று ஒரு கார்டு எழுதிப் போட்டேன். நோட்டைத் திருப்பி அனுப்பக்கூட இல்லை. அதற்கு முன்னால் வாராவாரம் வந்துகொண்டிருந்த அவள் கடிதங்கள் அதோடு நின்றுபோயின. அப்போது அதைக் கண்டிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

பேத்தியை ஏணியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிப் பரணில் ஏறினேன். நோட்டு கிடைத்தது. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. அன்று இரவே எட்டு அத்தியாயத்தையும் படித்தேன். நடையும் அமைப்பும் சுமார்தான். ஆனால் அதில் பெரும்பகுதி என் கதாநாயகியைப் பற்றியதே அல்ல. என் கதையில் இரண்டு அத்தியாயத்தில் மட்டும் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிற சமையற்கார அம்மாளைப் பற்றியது. அவளுக்கு ஒரு பிள்ளை இருந்தான், ஊரில் ஒரு கிணறு இருந்தது, தீராத ஒரு கடன் இருந்தது. வாசகி அவளுக்கு ஆவுடையம்மாள் என்று பெயர் வைத்திருந்தாள். என் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். நான் அவளுக்குப் பெயரே வைத்திருக்கவில்லை.