அச்சுக் கோப்பில் ஓர அளவு

அச்சுக்கு அனுப்பும் வடிவமைப்புக் கோப்பில் எழுத்துக்கும் தாளின் வெட்டு விளிம்புக்கும் நடுவே விடும் வெற்றிடம் ஓர அளவு எனப்படும். திரையில் அது அழகுக்காக விட்ட இடமாகத் தெரியும். உண்மையில் அதைத் தீர்மானிப்பவை தாளின் அளவு, வெட்டும் கத்தி, பைண்டிங் ஆகிய மூன்றும்தான்.

தென்சென்னைக்கு அச்சுத் தொழிலில் நீண்ட பழக்கம் உண்டு. மயிலாப்பூரில் அல்லயன்ஸ் பதிப்பகம் 1901இல் தொடங்கியது. அடையாறு பிரம்மஞான சபை 1908இல் வசந்தா அச்சகத்தை நிறுவியது. கலைமகள் இதழ் 1932இல் மயிலாப்பூரிலிருந்து வெளிவரத் தொடங்கியது. ஈய எழுத்துக் காலத்தில் ஓரம் கையால் தொடக்கூடியதாக இருந்தது. இரும்புச் சட்டத்துக்குள் பக்கங்களுக்கு இடையே கட்டைகளை வைத்து முடுக்குவார்கள். அதற்கும் முன்னே, பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகத்தில் இருப்பவை போன்ற ஓலைச்சுவடிகளில், கயிறு கோக்கும் துளையைச் சுற்றி எழுதாமல் விட்டிருப்பார்கள். கட்டுக்கு இடம் விட்ட பிறகே எழுத்து என்ற ஒழுங்கு இன்றைய கோப்புக்கும் பொருந்தும்.

தமிழ் நாவல்களுக்கு வழக்கமான டெம்மி 1/8 புத்தகத்தைப் பாருங்கள். 23க்கு 36 அங்குலத் தாளை நீளத்தில் நான்காகவும் அகலத்தில் நான்காகவும் பகுத்தால் ஒரு பக்கம் 5.75க்கு 9 அங்குலம் வரும். மூன்று பக்கமும் வெட்டிய பின் கையில் கிடைப்பது 5.5க்கு 8.5. இடைப்பட்டது கத்தியின் பங்கு. பின்னணி வண்ணமோ படமோ விளிம்பைத் தொட்டால் அதை வெட்டுக் கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. நீட்டிவைக்க வேண்டும்; இதுவே ப்ளீட். இல்லாவிட்டால், கத்தி சற்று விலகினாலும் வெள்ளைக் கீற்று தெரியும்.

திருமண அழைப்பிதழில் சிக்கல் வேறு. விளிம்பை ஒட்டி மெல்லிய பார்டர் போடும் ஆசை நம்மிடம் அதிகம். வெட்டு ஒரு மி.மீ. நகர்ந்தாலே ஒருபுறம் தடித்தும் மறுபுறம் மெலிந்தும் தோன்றும். பார்டரை 5 மி.மீ.க்குக் குறையாமல் உள்ளே தள்ளுவது நல்லது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவும் வீடுகளுக்கு மூலைகளில் பெயரோ முகவரியோ வரக்கூடாது.

புத்தகத்தில் உள் ஓரமே முதன்மையானது. பெர்ஃபெக்ட் பைண்டிங்கில் முதுகுப்புறம் பசையில் அடங்கிவிடுவதால் உள்ளே 18 முதல் 20 மி.மீ., வெளியே 12 முதல் 15 மி.மீ. விடுவது படிப்பவருக்கு உதவும். ஒரு பாரத்தை (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்களை) மிச்சம் பிடிக்க இந்த இடத்தைத்தான் முதலில் குறைக்கிறார்கள். வாசகர் முதுகு ஒடிய விரித்துப் படிக்க நேர்வதும், ஏடுகள் கழன்று விழுவதும் அதனால்தான். சென்டர் பின் அடிக்கும் இதழ்களில் நடுப்பக்கங்கள் வெளியே பிதுங்கும். அவற்றில் வெளி ஓரத்துக்குக் கூடுதல் இடம் தேவை.

அட்டைக்கு முதுகின் அகலத்தையும் கணக்கிட வேண்டும். தாளின் பருமன் 0.1 மி.மீ. என்றால் 240 பக்கம், அதாவது 120 ஏடு, 12 மி.மீ. முதுகைத் தரும். தாளை மாற்றினால் அட்டைக் கோப்பையும் மாற்றியாக வேண்டும்.

தமிழ்க் கோப்புக்கு இன்னொரு கவனமும் வேண்டும். அச்சகக் கணினியில் அதே எழுத்துரு இல்லாவிட்டால் வரிகள் இடம்பெயர்ந்து, அளந்து விட்ட ஓரத்துக்குள் புகுந்துவிடும். எழுத்துருவைப் பிடிஎஃப்பில் உட்பொதித்து அனுப்ப வேண்டும். அட்டை, அழைப்பிதழ் போன்றவற்றில் எழுத்தைக் கர்வாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வரைகோட்டு வடிவமாக, மாற்றிவிடலாம். முழு அளவில் ஒரு டம்மி (மாதிரிப் படி) எடுத்து, வெட்டி, மடித்துப் பார்த்த பிறகே அச்சுப் பிளேட் போடச் சம்மதம் தர வேண்டும்.