மூளைக் கட்டியும் மருத்துவ வரலாறும்

எண்சாண் உடம்பிற்குத் தலையே முதன்மை என்பர் பெரியோர். அத்தலையினுள்ளே கட்டி தோன்றின் யாது செய்வது? வலிப்புக் கண்டவரைப் பேய் பிடித்தவரென்று மந்திரவாதியிடம் அழைத்துச் சென்ற காலமும் உண்டு. அந்நிலை மாறிய வரலாற்றை நம் கள்ளிக்காடு, பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிக் குடும்பங்கள் அறிதல் நலம்.

மண்டையோடு மூடிய பேழை போன்றது, விரிந்து கொடாது. ஆதலின் புற்றல்லாத கட்டியும் வளர வளர மூளையை நெருக்கும். முதுகெலும்பினுள் ஓடும் தண்டுவடத்திற்கும் இதுவே நிலை.

1884 நவம்பர் 25ஆம் நாள், இலண்டன் மாநகரில், எக்ஸ்ரே கண்டறியப்படாத காலத்தில், நோய்க்குறிகளைக் கொண்டே கட்டியின் இடத்தைப் பென்னட் என்னும் மருத்துவர் கணித்தார். காட்லீ அதனை அகற்றினார். நோயாளி சில வாரங்களில் புண் சீழ்பிடித்து மாண்டார். எனினும் வழி திறந்தது. 1887இல் ஹார்ஸ்லி தண்டுவடக் கட்டியை அகற்ற, நடையிழந்த படைத்தலைவர் ஒருவர் மீண்டும் நடந்தார்.

நம் நாட்டிலோ இத்துறை பின்னரே வேரூன்றிற்று. கோட்டயத்திற் பிறந்து, சென்னையிற் பயின்று, கனடாவில் பென்பீல்டு என்னும் பேரறிஞரிடம் பயிற்சி பெற்ற டாக்டர் ஜேக்கப் சாண்டி, 1949இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். மறு ஆண்டு, சீர்காழியிற் பிறந்த டாக்டர் பா. இராமமூர்த்தி சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் அப்பணியை மேற்கொண்டார். 1951இல் இவ்விருவரும் வேறிருவருடன் கூடி இந்திய நரம்பியல் கழகத்தை நிறுவினர்.

1971இல் இலண்டனில் ஹவுன்ஸ்பீல்டு அமைத்த சி.டி. ஸ்கேன் கருவி, மண்டையைத் திறவாமலே கட்டியைக் காட்டிற்று. பின்னர் எம்.ஆர்.ஐ. கருவியும் வந்தது.

1956 நவம்பர் 1ஆம் நாள் வகுத்த எல்லை நம் ஊர்களைக் கேரளத்தில் நிறுத்தியது. உற்றார் பலர் குமரி மாவட்டத்தாராயினர். ஆயினும் நோய்க்கு எல்லை ஏது? திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் அரச குடும்பத்தார் வழங்கிய கட்டடத்தில், 1976இல் பணி தொடங்கிய ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம், 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்றது. இரு மாநிலத்தாரும் அங்குச் சிகிச்சை பெறுகின்றனர். முன்னாளில் இரயிலேறிக் காட்பாடியில் இறங்கித் தேடிய துணை, இன்று நம் வாயிலுக்கு அருகே நிற்கிறது.

தலைவலியெல்லாம் கட்டியன்று, அஞ்ச வேண்டா. ஆயினும் நாளுக்கு நாள் மிகுந்து, விடியலில் வாந்தியுடன் வரும் தலைவலி, வளர்ந்தவர்க்குப் புதிதாய் வரும் வலிப்பு, பார்வை மங்கல், ஒருபுறக் கைகால் தளர்ச்சி, முதுகுவலியோடு கால் மரத்துச் சிறுநீர் கட்டுப்படாமை ஆகியவை தோன்றின் காலந்தாழ்த்தல் ஆகாது. மந்திரக் கயிற்றை நம்பிக் கழியும் ஒவ்வொரு மாதமும் கட்டிக்கே ஆதாயம். உற்றாரை உரிய மருத்துவரிடம் உடனே அழைத்துச் செல்வதே, முன்னோடி மருத்துவர் உழைப்பிற்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.