கணினி அறிவியல் இளநிலைப் படிப்பு

நிரல் எழுதக் கற்றுத்தரும் பயிற்சி என்றே பலரும் இப்படிப்பை எண்ணுகிறார்கள். ஆனால் இதன் உயிர்நாடி கணிதச் சிந்தனை. 1962இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் இதற்கெனத் தனித் துறை தொடங்கியபோது ஜாவா என்ற நிரல்மொழி பிறக்கவே இல்லை. அது 1995இல்தான் வந்தது. ஆனால் கணினி அறிவியலாளர் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட, மிகக் குறுகிய பாதையைக் கண்டறியும் நெறிமுறை இன்றும் பாடத்தில் இருக்கிறது. இன்னோர் எடுத்துக்காட்டு: அகரவரிசையில் அடுக்கிய பத்து லட்சம் பெயர்களில் ஒன்றைத் தேட, நடுப்பெயரோடு ஒப்பிட்டுப் பாதியைத் தள்ளிக்கொண்டே போனால் 20 ஒப்பீடுகள் போதும். எந்த நிரல்மொழியில் எழுதினாலும் இதே கணக்குத்தான்.

வேலைக்கு நிரல்தானே வேண்டும் என்பார்கள். நியாயந்தான்; எழுதிப் பழகாதவருக்குக் கோட்பாடும் கைகொடுக்காது. ஆனால் அடிப்படை தெரிந்தவர் புதிய மொழியைச் சில மாதங்களில் பிடித்துக்கொள்வார்; அந்த அடிப்படையான தனிநிலைக் கணிதம் (discrete mathematics) அப்படி வசப்படாது. சேர விரும்பும் மாணவர் கல்லூரியின் பாடத்திட்டத்தில் முதலில் அதைத் தேடிப் பார்க்கட்டும்.