ஊர் கூடி உதைத்த பந்து

(வரதராஜன்பேட்டையில் நடந்த பட்டிமன்றத்தில், “கோப்பையை வெல்வது ஆட்டக்காரரின் திறமையா? ஊரின் பலமா?” என்ற தலைப்பில், “ஊரின் பலமே” அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! எதிரணியில் அமர்ந்திருக்கும் திறமைசாலிகளே! முந்திரிக்காட்டு வேலையை முடிச்சுட்டு, பிள்ளைகுட்டியோட வந்து உட்கார்ந்திருக்கிற வரதராஜன்பேட்டைப் பெரியவர்களே! தாய்மார்களே!

எனக்கு முன்னால பேசின நண்பர், “பந்தை உதைக்கிறது காலு. ஊரா வந்து உதைக்குது?”ன்னு கேட்டார். நீங்களும் கை தட்டினீங்க. சரி, நான் ஒண்ணு திருப்பிக் கேட்கிறேன். ஊருக்குப் பலமே இல்லைன்னா, ஒரே கோப்பைக்கு இரண்டு ஊரில் இறுதிப் போட்டி வைக்கிற வழக்கம் எதுக்கு வந்தது?

ஸ்பெயின் நாட்டிலே சூப்பர் கோப்பை என்று ஒரு போட்டி. 1982-இல் ஆரம்பித்தது. இரண்டே அணிகள்தான். ஆனால் இரண்டு ஆட்டம். ஒன்று உன் ஊரில், ஒன்று என் ஊரில். இரண்டிலும் போட்ட கோல்களைக் கூட்டிப் பார்த்துக் கோப்பையைக் கொடுப்பார்கள். நம்ம வீட்டுக் கல்யாணம் மாதிரிதான். நிச்சயதார்த்தம் பெண் வீட்டுல, மறுவீட்டு விருந்து மாப்பிள்ளை வீட்டுல. இரண்டு வீட்டுலயும் கை நனைச்சாத்தானே சம்பந்தம் முழுசாகும்? (சிரிப்பு)

அந்த முதல் வருஷமே என்ன நடந்தது? ரியல் சொசிடாட் என்ற அணி மாட்ரிட் நகரத்துக்குப் போய் 1-0 என்று தோற்றது. தன் ஊருக்குத் திரும்பி வந்து அதே ரியல் மாட்ரிட்டை 4-0 என்று ஜெயித்தது! கால் அதே கால், பந்து அதே பந்து. மாறினது எது? ஊருங்க!

உங்களுக்கு இது புதுசா? நம்ம அரியலூர் 2001-இல் தனி மாவட்டம் ஆனது. 2002-இல் மறுபடி பெரம்பலூரோட சேர்த்துட்டாங்க. விட்டோமா? 2007-இல் திரும்பவும் மாவட்டம். முதல் ஆட்டத்தில் விட்டதை இரண்டாவது ஆட்டத்தில் பிடிச்ச மண்ணு இது! (பலத்த கைதட்டல்)

நடுவர் அவர்களே, என் கட்சிக்குப் பெரிய சாட்சி 2015-ஆம் ஆண்டு. பார்சிலோனா அணி, அதிலே மெஸ்ஸி. எதிரே அத்லெடிக் பில்பாவோ. 1898-இல் பிறந்த கழகம். அவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு. பாஸ்க் மண்ணில் பிறந்தவன், இல்லையென்றால் அந்த மண்ணில் ஆட்டம் பழகியவன், அவனுக்குத்தான் அணியில் இடம். காசை வீசி உலகம் முழுக்க ஆள் பிடிக்கிற காலத்தில், “எங்க பிள்ளைகள் போதும்” என்று நின்ற ஊர் அது.

அந்த மே 30-ஆம் தேதி வேறொரு கோப்பைக்கு, மன்னர் கோப்பைக்கு, இதே இரண்டு அணிகள் மோதின. ஒரே ஆட்டம், நடந்த இடம் பார்சிலோனாவின் சொந்த மைதானம். பார்சிலோனா 3-1 என்று வென்றது. இரண்டரை மாதம் போனது. ஆகஸ்ட் 14, சூப்பர் கோப்பையின் முதல் ஆட்டம், பில்பாவோ மைதானத்தில். முடிவு? 4-0! ஜெயிச்சது பில்பாவோ! அடுரிஸ் என்ற 34 வயசுக்காரர் மட்டும் மூன்று கோல் போட்டார். மூன்றாம் நாள் பார்சிலோனாவில் 1-1 என்று சமன். கூட்டிப் பார்த்தால் 5-1. 1984-க்குப் பிறகு, 31 வருஷம் கழித்து அந்த ஊருக்கு ஒரு கோப்பை வந்தது.

“பார்சிலோனா மூணு நாளைக்கு முன்னாடிதான் இன்னொரு இறுதிப் போட்டி ஆடிக் களைச்சுப் போயிருந்துச்சு”ன்னு எதிரணி சொல்லும். உண்மைதான், மறுக்கலை. களைச்சவனைச் சாய்க்கிறதுக்கும் ஒரு கூட்டத்தோட சத்தம் வேணும் ஐயா!

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். 2014, இந்திய சூப்பர் லீக் அரையிறுதி. இதுவும் இரண்டு ஆட்டம்தான். சென்னையின் எஃப்.சி. கொச்சிக்குப் போய் 3-0 என்று தோற்றது. மூணு நாள் கழித்துச் சென்னையில் அதே அணி மூன்று கோலையும் திருப்பிப் போட்டது! கூடுதல் நேரத்தில், 117-ஆவது நிமிடத்தில் கேரளா ஒரு கோல் போட்டுத் தப்பித்தது. ஊர் கொடுத்த பலம் கரை வரைக்கும் கொண்டுவந்து விட்டதா இல்லையா?

மறு வருஷம் மறுபடி அரையிறுதி. எதிரே முந்தைய ஆண்டின் சாம்பியன் கொல்கத்தா. அட்லெடிகோ மாட்ரிட் பங்கு வைத்திருந்த அணி, பயிற்சியாளரும் ஸ்பெயின்காரர். ஆனால் சென்னைக்கு மைதானம் எங்கே? அது 2015 டிசம்பர். அடையாறு வீட்டுக்குள்ள வந்துட்டுது. மாடியில நின்னு சோத்துப் பொட்டலத்துக்குக் கை நீட்டின நேரம். சொந்த ஊரில் நடக்க வேண்டிய ஆட்டம் டிசம்பர் 12-இல் புனேயில் நடந்தது. சென்னை 3-0 என்று ஜெயிச்சது.

“ஊரே இல்லாத இடத்துல ஜெயிச்சாங்களே!”ன்னு எதிரணி நண்பர் துள்ளுவார். துள்ளாதீங்க. புனே யாருக்குச் சொந்த ஊர்? இரண்டு பேருமே விருந்தாளி! நாலு நாள் கழிச்சுக் கொல்கத்தாவில் என்ன ஆச்சு? அவங்க ஊர்ச் சத்தத்துல சென்னை 2-1 என்று தோத்துச்சு. புனேயில் சேர்த்து வச்ச மூணு கோல்தான் காப்பாத்துச்சு. மொத்தம் 4-2.

டிசம்பர் 20, கோவாவில் ஒரே இறுதிப் போட்டி. 2-1 என்று பின்தங்கி, கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் வாங்கி 3-2 என்று சென்னை கோப்பையைத் தூக்கியது. இது திறமையா? திறமைதான்! ஆனா இன்னிக்கும் அதை அதிசயம்னு பேசுறோமே, ஏன்? அடுத்தவன் ஊர்ல ஜெயிச்சதாலதானே! (கைதட்டல்)

கடைசியா ஒரு வருத்தம், நடுவர் அவர்களே. அந்த ஸ்பெயின் கோப்பையின் இரண்டு ஊர் வழக்கம் 2017-ஓட முடிஞ்சு போச்சு. 2018-இல் மொரோக்கோவுக்குக் கொண்டு போனார்கள். 2020 முதல் நாலு அணியாக்கி, பெரும்பாலும் சவுதி அரேபியாவில் நடத்துகிறார்கள். வருமானம் கூடியது. ஆட்டக்காரர் திறமையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பில்பாவோவில் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு மைதானத்துக்கு நடந்து போகிற தாத்தா, விமானம் ஏறியா போவார்? தேர் வேற ஊர்ல ஓடினா, நம்ம தெருவில் கோலம் போடுறது யாருக்கு?

திறமையை விலைக்கு வாங்கலாம். வெளிநாட்டிலிருந்து இறக்கலாம். தோற்ற அன்றைக்கும் வாசலில் நின்று “வாப்பா, அடுத்த ஆட்டம் பார்த்துக்கலாம்” என்று சொல்கிற ஊரை எந்தச் சந்தையில் வாங்குவது? ஆகவே கோப்பையை வெல்வது ஊரின் பலமே என்று நல்ல தீர்ப்புத் தருமாறு கேட்டு அமர்கிறேன்.