கட்டை: ஆர்மோனியத்திலிருந்து கீபோர்டு வரை

"அவருக்கு ஐந்தரைக் கட்டைச் சாரீரம்" என்று பழைய நாடக நடிகர்களைப் பற்றிப் பேசுவோர் இன்றும் சொல்வர். அந்தக் கட்டை எது என்று நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. அது ஆர்மோனியத்தின் மரக்கட்டை. வெள்ளைக் கட்டைகள் ஏழுக்கும் ஒன்று முதல் ஏழு வரை எண். இடையிலுள்ள கறுப்புக் கட்டைகளுக்கு ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றரைக் கட்டை என்றொன்று கிடையாது. மூன்றாம் வெள்ளைக் கட்டைக்கும் நான்காம் கட்டைக்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லை என்பதே காரணம். ஒரு சொல் தன் பிறப்பிடத்தை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டிக்கொடுப்பது அபூர்வம். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களுக்கும் தனிப்பெயர் வைத்திருந்த மொழி, பாடகரின் சுருதியைக் குறிக்கும் சொல்லைப் பாரிசிலிருந்து வந்த ஒரு பெட்டியிடம் பெற்றுக்கொண்டது.

அலெக்ஸாந்தர் தெபேன் என்னும் பிரெஞ்சுக்காரர் ஆர்மோனியத்துக்கு அப்பெயரை இட்டது 1840களின் தொடக்கத்தில். சென்னையில் மிஸ்குவித் கம்பெனி தொடங்கிய 1842-ஆம் ஆண்டும் ஏறத்தாழ அக்காலமே. பின்னர் மியூசி மியூசிக்கல் என்று பெயர் மாறி, அண்ணா சாலையில் நிலைபெற்ற கடை அதுதான். தெபேனின் கருவி நாற்காலியில் அமர்ந்து, காலால் துருத்தியை மிதித்து, இரு கைகளாலும் வாசிப்பதற்கானது. கல்கத்தாவில் 1875-இல் துவார்க்கின் நிறுவனத்தைத் தொடங்கிய துவாரகாநாத் கோஷ் அதன் கால்களை நீக்கித் தரையில் வைத்தார். துருத்தி பின்பக்கம் போயிற்று. ஒரு கை காற்றுக்கு, ஒரு கை கட்டைக்கு. சம்மணமிட்டு அமர்ந்து பாடும் நாட்டுக்கு ஏற்ற மாற்றம் இது. இதைக் கருவியின் வரலாறு என்பதைவிட உட்காரும் முறையின் வரலாறு என்றே சொல்ல வேண்டும். கீபோர்டு ஸ்டாண்டைப் பற்றிப் பேசும்போது இது நினைவில் இருக்கட்டும்.

தமிழகத்தில் ஆர்மோனியத்தை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தவை நாடகக் கம்பெனிகள். சங்கரதாஸ் சுவாமிகளின் பாடல்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு மேடையின் முதல் ஒலியே ஆர்மோனியம்தான். எஸ்.ஜி. கிட்டப்பாவின் பாட்டுக்கு அவருடைய அண்ணன் காசி ஐயர் வாசித்த ஆர்மோனியம் தனிப்புகழ் பெற்றது. சுவாமிகள் 1922-இல் மறைந்த புதுச்சேரி, விழுப்புரத்துக்குப் பக்கத்து ஊர். இப்பகுதியில் நாடக மேடைக்கும் கூத்துக் களத்துக்கும் இடைவெளி அதிகமில்லை. கூத்தில் ஒத்தாகத் தொடர்ந்து ஒலித்த துருத்தியின் இடத்தை ஆர்மோனியம் மெல்ல எடுத்துக்கொண்டது.

திண்டிவனம், செஞ்சி, விழுப்புரம் என்னும் இந்த வட்டாரம் திரௌபதி அம்மன் வழிபாட்டின் நடுநிலம். ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்னும் அமெரிக்க ஆய்வாளர் திரௌபதி வழிபாட்டைப் பற்றி 1988-இல் வெளியிட்ட முதல் தொகுதியின் துணைத்தலைப்பே செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்பதுதான். இங்கே பாரதக் கூத்து இரவு முழுவதும் நடக்கும். களத்தின் பின்புறம் ஒரு பெஞ்சி. அதில் ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், தாளம், முகவீணை. முகவீணை பெயரில்தான் வீணை. உண்மையில் அது நாகசுரத்தின் குட்டித் தம்பி, ஊதும் குழல். பாடுபவரின் அடியை வாங்கி இரவின் காற்றில் தூக்கிப் பிடிப்பது அதன் வேலை.

ஆர்மோனியத்தை எல்லாரும் மகிழ்ந்து வரவேற்கவில்லை. பாரதியார் தம் சங்கீதக் கட்டுரையில் அதைக் கடிந்து எழுதினார். தாகூரும் அதை வெறுத்தார். அகில இந்திய வானொலி 1940 மார்ச் 1 முதல் ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கியது. தடை தளரத் தொடங்கியது 1971-இல்தான். குற்றச்சாட்டு நியாயமானதே: கட்டைக்கும் கட்டைக்கும் இடையே உள்ள கமகத்தை அக்கருவியால் தொட முடியாது. ஆயினும் வானொலி வாசலில் நிறுத்திய முப்பது ஆண்டுகளிலும் அது கூத்துப் பெஞ்சியில் இருந்தது. தடை போட்டவர்களும் தடையைப் புகழ்ந்தவர்களும் இந்தப் பெஞ்சிப் பக்கம் வந்ததாகத் தெரியவில்லை.

சிந்தசைசர் நமக்கு வந்த வழி வேறு. அது சினிமாவின் வழி. 1983 ஜனவரியில் அமெரிக்க இசைக்கருவி வணிகர்களின் நாம் கண்காட்சியில், இரு வேறு நிறுவனங்களின் சிந்தசைசர்களை ஒரு கம்பியால் இணைத்து, ஒன்றில் வாசிக்க மற்றதும் ஒலிப்பதைக் காட்டினார்கள். ஒன்று புராஃபெட் 600, மற்றது ரோலண்ட் ஜூபிட்டர் 6. மிடி என்னும் பொதுமொழி பிறந்து வெளியே வந்த நாள் அது. அதே ஆண்டில் யமஹாவின் டிஎக்ஸ்7 வந்தது. (அந்நிறுவனத்தைத் தொடங்கிய தொராகுசு யமஹா, 1887-இல் பள்ளிக்கூடமொன்றின் பழுதான ரீடு ஆர்கனைச் சீர்செய்யப் போய் இத்தொழிலுக்கு வந்தவர். நம் ஆர்மோனியத்துக்கு அவர் ஒருவகையில் பங்காளிதான்.) மூன்றே ஆண்டுகளில், 1986-இல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கணினிவழி இசையைக் கையாண்டார். 1992-இல் 'ரோஜா' வந்தது. அதன் பிறகு மாவட்டத் தலைநகர்களின் மெல்லிசைக் குழுக்கள் கீபோர்டு இல்லாமல் மேடையேற முடியாத நிலை உண்டாயிற்று. திரையில் கேட்ட ஒலியே திருமணப் பந்தலிலும் வேண்டும் என்றனர் மக்கள்.

கீபோர்டோடு வந்ததுதான் பெருக்கல் குறி போன்ற அந்த மடக்குக் கால். கோஷ் தரையில் இறக்கிய கருவி மறுபடியும் இடுப்பு உயரத்துக்கு ஏறியது. வாசிப்பவர் எழுந்து நின்றார். துருத்தி இல்லாததால் இரண்டாவது கையும் விடுதலை பெற்றது. அந்தக் கைக்குக் கிடைத்த வேலைகளில் ஒன்று, தாளத்தை முடுக்கும் பொத்தானை அமுக்குவது.

இப்போது கூத்துப் பெஞ்சியின் அருகிலும் சில ஊர்களில் கீபோர்டைக் காண்கிறோம். புனிதம் கெட்டது என்று புலம்புவது என் நோக்கமன்று. ஆர்மோனியமும் ஒருநாள் இப்படி வந்து சேர்ந்ததே. என் கவலை வேறொரு பொத்தானைப் பற்றியது. டிரான்ஸ்போஸ் என்பார்கள். அதை அமுக்கினால் விரல் இருந்த இடத்திலேயே இருக்க, சுருதி மட்டும் நான்கிலிருந்து மூன்றுக்கு இறங்கும். ஆர்மோனியக்காரர் பன்னிரண்டு கட்டைகளையும் தனித்தனியே விரலில் பழக்க ஆண்டுக்கணக்கில் பட்ட பாட்டை இது ஒரு நொடியில் தீர்த்துவிடுகிறது. கூத்தாடிக்கும் இதில் நன்மை உண்டு. அர்ச்சுனன் தபசில் விடியும்வரை உச்சத்தில் பாடித் தொண்டை கட்டியவருக்கு அரைக் கட்டை இறங்குவது பெரிய ஆறுதல்.

ஆனால் முகவீணைக்குப் பொத்தான் இல்லை. அதன் சுருதி குழலின் நீளத்திலும் துளைகளிலும் அடங்கியது. மிருதங்கத்தின் வலந்தலையும் நினைத்தவுடன் இறங்காது. கூத்துக்குழு ஒரே சுருதியில் இரவைக் கடத்தியதற்கு அழகியல் மட்டும் காரணமன்று. கருவிகளின் கட்டாயமும் சேர்ந்ததே அது. கீபோர்டு நகரும்போது மிருதங்கம் ஒருவாறு சமாளித்துக்கொள்ளும். முகவீணை வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். ஓர் இரவில் மூன்று முறை மௌனமாக இருக்கும் கருவியை அடுத்த ஆண்டு அழைக்க மாட்டார்கள். முகவீணைக் கலைஞர்கள் அருகிவருவதற்குப் பயிற்சியின் கடுமை, வருமானக் குறைவு எனப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. இந்தச் சிறு இயந்திரக் காரணத்தை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எந்தக் கமகம் இல்லையென்று ஆர்மோனியம் தள்ளப்பட்டதோ, அந்தக் கமகத்தைக் கீபோர்டு கற்றுக்கொண்டுவிட்டது. இடக்கைப் பக்கமுள்ள சிறு சக்கரத்தை நகர்த்திக் கர்நாடக இசைக் கச்சேரியே செய்கிறார் கீபோர்டு கலைஞர் கே. சத்தியநாராயணன். கட்டைகளே இல்லாத கன்டினுவம் என்னும் கருவியை ஏ.ஆர். ரகுமான் 'தில்லி 6' படத்தில் வாசித்தார்; அது 2009. யமஹா நிறுவனம் இந்தியாவுக்கென்றே செய்யும் கீபோர்டுகளில் தம்புராவும் தபலாவும் உள்ளன, ரியாஸ் செய்வதற்குத் தனி வசதியும் உண்டு. 2019 முதல் அந்நிறுவனம் சென்னையை அடுத்த தன் தொழிற்சாலையிலேயே கீபோர்டுகளைச் செய்கிறது. திண்டிவனத்திலிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவுதான். ஷெனாய் கேட்டால் கிடைக்கிறது. முகவீணையை நான் எந்தக் கீபோர்டிலும் கேட்டதில்லை.

ஒலியைச் சுரம் சுரமாகப் பதிந்து கீபோர்டுக்குள் ஏற்றுவது இன்று கடினமன்று. ஒரு நல்ல கலைஞர், ஒரு அமைதியான அறை, ஒரு பகல் போதும். எங்கள் பகுதிக் கல்லூரித் தமிழ்த்துறைகளே செய்யக்கூடிய வேலை. பதிந்த பின் சுருதி எந்தக் கட்டைக்கு இறங்கினாலும் முகவீணையின் ஒலி கூடவே இறங்கும். அப்போது பெஞ்சியில் ஓர் ஆள் குறைவார். ஊர்க்காரர்கள் கூத்துக்கு விலை பேசும்போது முதலில் கேட்பது குழுவில் எத்தனை பேர் என்பதைத்தான்.