ஆர்கேட் விளையாட்டுப் பலகைகளின் மின்வழங்கலும் கம்பியிணைப்பும்

ஆர்கேட் விளையாட்டுப் பலகை என்பது காசு போட்டு விளையாடும் வீடியோ கேம் பெட்டியின் உள்ளே இருக்கும் மின்னணுச் சுற்றுப் பலகை ஆகும். 1971 முதல் 1990களின் இறுதி வரை அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தயாரிக்கப்பட்ட பலகைகள் பல, இன்றும் சேகரிப்பாளர்களிடமும் அருங்காட்சியகங்களிலும் இயங்கி வருகின்றன. இவற்றில் ஒன்று நின்றுபோனால் முதலில் ஐயுற வேண்டியது விளையாட்டின் நிரலை அன்று. மின்சாரம் உரிய அளவில் சில்லுகளைச் சென்றடைகிறதா என்பதையே. பல பலகைகளில் உள்ள சிறப்புச் சில்லுகள் இப்போது தயாரிக்கப்படுவதில்லை. ஆகவே தவறான மின்னழுத்தம் ஒரு நொடி பாய்ந்தாலும் பலகையை என்றென்றைக்குமாக இழக்க நேரிடலாம்.

தொடக்க காலம்

1971இல் வெளிவந்த கம்ப்யூட்டர் ஸ்பேஸ், 1972இல் அடாரி நிறுவனம் வெளியிட்ட பாங் ஆகிய விளையாட்டுகளில் நுண்செயலி கிடையாது. டி.டி.எல். எனப்படும் தருக்கச் சில்லுகளைக் கோத்தே அவை உருவாக்கப்பட்டன. இச்சில்லுகளுக்கு 5 வோல்ட் நேர்மின்சாரம் தேவை. அனுமதிக்கப்பட்ட எல்லை 4.75 முதல் 5.25 வோல்ட் வரை மட்டுமே.

பாங் விளையாட்டின் முதல் பெட்டி கலிபோர்னியாவின் சன்னிவேல் நகரில் ஒரு மதுக்கடையில் வைக்கப்பட்டது. சில நாட்களில் அது நின்றுவிட்டதாக அழைப்பு வந்தது. வடிவமைத்த ஆலன் ஆல்கார்ன் சென்று பார்த்தபோது காசுப் பெட்டி நிரம்பி வழிந்ததே காரணம் எனத் தெரிந்தது. பலகையைத் தொடுமுன் சுற்றியுள்ளவற்றைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

1978இல் டைட்டோ நிறுவனத்தின் ஸ்பேஸ் இன்வேடர்ஸ், இன்டெல் 8080 நுண்செயலியுடன் வந்தது. இதற்கு +5, −5, +12 என மூன்று மின்னழுத்தங்கள் வேண்டும். அக்காலத்து 4116 வகை நினைவகச் சில்லுகளுக்கும் இம்மூன்றும் தேவைப்பட்டன. இவற்றில் −5 வோல்ட் மட்டும் வராமல் மற்றவை வந்தால் நினைவகச் சில்லு பழுதாகிவிடும். பின்னர் 5 வோல்ட் மட்டுமே தேவைப்படும் இசட்-80 போன்ற நுண்செயலிகளும் 4164 போன்ற நினைவகங்களும் பரவியபோது இச்சிக்கல் குறைந்தது.

அடாரியின் உணர்கம்பி

அடாரி நிறுவனம் ஆஸ்டராய்ட்ஸ் (1979) காலத்துப் பெட்டிகளில் மின்னழுத்தச் சீராக்கியையும் ஒலிப் பெருக்கியையும் ஒரே துணைப் பலகையில் அமைத்தது. விளையாட்டுப் பலகையை 5 வோல்ட் சென்றடைகிறதா என அறிய, தனியே உணர்கம்பிகள் இணைக்கப்பட்டன. வழியில் மின்னழுத்தம் குறைந்தால் சீராக்கி தன் வெளியீட்டை உயர்த்தி ஈடுசெய்யும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆண்டுகள் செல்லச்செல்ல இதுவே நோயை மறைத்தது. இணைப்பியில் துருவும் அழுக்கும் சேர்ந்து மின்தடை கூடும்போது சீராக்கி மேலும் மேலும் உழைத்துச் சூடாகியது. முதன்மைக் கம்பி முழுவதுமாகத் துண்டிக்கப்பட்டால், உணர்கம்பியோடு இணைந்த சிறு மின்தடையங்கள் வழியே பெருமளவு மின்னோட்டம் பாய்ந்து அவை கருகின. கருகிய மின்தடையத்தை மட்டும் மாற்றிவிட்டு இணைப்பியை அப்படியே விட்டால் அதே பழுது திரும்ப வரும்.

விளிம்பு இணைப்பி கருகுதல்

1980இல் நாம்கோ வெளியிட்ட பாக்-மேன் விளையாட்டின் அமெரிக்கப் பதிப்பில் பலகைக்கு மாறுமின்சாரம் சென்றது. அதை நேர்மின்சாரமாக்கி 5 வோல்ட்டாகச் சீராக்கும் வேலை பலகையிலேயே நடந்தது. இதனால் விளிம்பு இணைப்பியின் சில முனைகள் மிகுந்த மின்னோட்டத்தைத் தாங்க வேண்டியிருந்தது. அவை கருகுவது இப்பலகையின் பெயர்பெற்ற பழுது.

காரணத்தை ஓமின் விதியே விளக்கும். ஓர் இணைப்பில் 0.1 ஓம் மின்தடை இருக்கிறது, அதன் வழியே 5 ஆம்பியர் பாய்கிறது என்று கொள்வோம். அங்கே இழக்கப்படும் மின்னழுத்தம் 0.5 வோல்ட். மின்வழங்கியில் சரியாக 5 வோல்ட் இருந்தாலும் பலகைக்குக் கிடைப்பது 4.5 வோல்ட்தான். இழந்த பகுதி 2.5 வாட் வெப்பமாக அந்த ஒரு முனையிலேயே வெளிப்படும். வெப்பம் முனையை மேலும் கருக்கும். மின்தடை மேலும் கூடும்.

ஜாம்மா தரநிலை

முற்காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனிக் கம்பியிணைப்பைப் பயன்படுத்தியது. விளையாட்டை மாற்ற வேண்டுமெனில் பெட்டியின் கம்பிகளையே மாற்ற வேண்டும். 1985இல் ஜப்பானிய கேளிக்கை இயந்திரத் தயாரிப்பாளர் சங்கமான ஜாம்மா ஒரு பொதுத் தரநிலையை உருவாக்கியது. பக்கத்துக்கு 28 வீதம் 56 முனைகள், முனைகளுக்கிடையே 3.96 மில்லிமீட்டர் இடைவெளி. இரு ஓரங்களிலும் தரைமுனைகள், அடுத்து +5, −5, +12 வோல்ட் என வரிசை வகுக்கப்பட்டது.

ஏழாவது முனை இருக்கும் இடத்தில் இணைப்பியில் ஒரு தடுப்பு வைக்கப்படும். தடுப்பு இல்லாத இணைப்பியைத் தலைகீழாகச் செருகினால் தரைமுனைகள் தரைமுனைகளோடே பொருந்தும். ஆனால் +12 வோல்ட், பொத்தான்களுக்குரிய உள்ளீட்டுக்குச் சென்று அங்குள்ள சில்லுகளை அழிக்கும். சிறு பிளாஸ்டிக் துண்டு ஒன்று காக்கும் பொருள் இவ்வளவு பெரிது.

மின்கலமும் மின்தேக்கியும்

1993இல் கேப்காம் நிறுவனம் அறிமுகப்படுத்திய சி.பி.எஸ்.-2 பலகைகளில் கள்ளப்படிகளைத் தடுக்க நிரல் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தது. அதன் திறவுகோல், மின்கலத்தால் காக்கப்படும் நினைவகத்தில் இருந்தது. மின்கலம் தீர்ந்தால் திறவுகோல் அழியும். வேறு எப்பழுதும் இல்லாத பலகையும் இயங்காது. ஆர்வலர்கள் இம்மறையாக்கத்தை 2007இல் விடுவித்தனர். இறந்த பலகைகளில் திறவுகோலை மீண்டும் எழுதும் வழி 2016இல் வெளியிடப்பட்டது.

1997இல் தொடங்கிய மேம் என்னும் மென்பொருள் பழைய நிரல்களைக் கணினியில் இயக்கிக் காக்கிறது. ஆனால் அதற்கும் மூலப்பலகைகளிலிருந்தே நிரல்களை எடுத்தாக வேண்டும்.

மின்பகு மின்தேக்கிகள் வறண்டால் மின்சாரத்தில் அலைவு கூடி, ஒலியில் இரைச்சலும் படத்தில் நடுக்கமும் தோன்றும். விளையாட்டு தானே மறுதொடக்கம் ஆவதும் உண்டு. கசிந்த மின்தேக்கியும் நிக்கல்-காட்மியம் மின்கலமும் பலகையின் செப்புத் தடங்களை அரித்துவிடும்.

பழுது கண்டறியும் வரிசை

1. மின்சாரத்தைத் துண்டித்து, கருகல், கசிவு, தளர்ந்த கம்பி ஆகியவற்றைக் கண்ணால் பார்த்தல்.
2. பலகையைக் கழற்றி, 5 வோல்ட் முனைக்கும் தரைமுனைக்கும் இடையே குறுக்குச்சுற்று உள்ளதா என மல்டிமீட்டரால் அளத்தல்.
3. பலகையை இணைக்காமல் மின்வழங்கியின் வெளியீடுகளைச் சோதித்தல். சிலவகை மின்வழங்கிகள் சுமை இன்றிச் சரியாக இயங்கா.
4. பலகையை இணைத்து, மின்வழங்கியில் அன்றி, தொலைவிலுள்ள சில்லின் மீதே அளத்தல். 14 முனை டி.டி.எல். சில்லுகளில் பெரும்பாலும் 14ஆம் முனை 5 வோல்ட். 7ஆம் முனை தரை.
5. ஒரு முனையை மின்வழங்கியின் 5 வோல்ட் திருகிலும் மறுமுனையைப் பலகையின் 5 வோல்ட் தடத்திலும் வைத்தல். அளவி காட்டும் எண்ணே வழியில் இழக்கப்படும் மின்னழுத்தம். தரைக் கம்பிக்கும் இதைச் செய்ய வேண்டும். பலர் மறப்பது இதையே.
6. இணைப்பியைச் சுத்தம் செய்த அல்லது மாற்றிய பிறகே மின்வழங்கியின் திருகைத் திருப்பி அளவைச் சரிசெய்தல்.

படக்குழாய்த் திரையில் மின்சாரம் துண்டித்த பின்னும் உயிருக்கு ஆபத்தான உயர் மின்னழுத்தம் எஞ்சியிருக்கும். பயிற்சி இல்லாதவர் அதைத் தொடுதல் கூடாது.

தமிழ்நாட்டுச் சூழல்

ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். இந்தியாவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஜப்பானியப் பெட்டியை இங்கு இயக்க மின்னழுத்தம் குறைக்கும் மின்மாற்றி தேவை. 110/220 தேர்வுப்பொத்தான் உள்ள மின்வழங்கியில் அது 110இல் இருக்கும்போது 230 வோல்ட் கொடுத்தால் உள்ளீட்டு மின்தேக்கிகள் வெடிக்கக்கூடும். மின்வழங்கி, மின்தேக்கி, இணைப்பி போன்ற பொது உதிரிகள் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கின்றன.

சுற்றுப் பலகைகளோடு இன்று நெருங்கிய தொடர்புள்ள வட்டாரம் திருப்பெரும்புதூர்–ஒரகடம் பகுதியாகும். இங்கு 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. பின்னர் ஃபாக்ஸ்கான் போன்ற நிறுவனங்களால் கைபேசித் தயாரிப்பு வளர்ந்தது. வல்லம் வடகால் சிப்காட் பூங்காவில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி வளாகம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது.

கைபேசியின் சில்லுகள் பழைய டி.டி.எல். சில்லுகளைவிட மிகக் குறைந்த மின்னழுத்தத்தில் இயங்குபவை. ஆயினும் யு.எஸ்.பி. மின்னேற்றியின் அடிப்படை அளவு அதே 5 வோல்ட். மெலிந்த வடத்தில் கைபேசி மெதுவாக மின்னேறுவதற்கும் பாக்-மேன் பலகை இடையில் நின்றுபோவதற்கும் காரணம் ஒன்றே: வழியில் இழக்கப்படும் மின்னழுத்தம். மல்டிமீட்டரும் ஒரு யு.எஸ்.பி. வடமும் இருந்தால் பள்ளி ஆய்வகத்திலேயே இதை மாணவர்கள் அளந்து பார்க்கலாம்.